வீட்டுக்கு மூன்றரை மணி நேரம்

ஹங்கா ரோவா, ராப்பா நூயித் தீவு
22 செப்டம்பர் 1992

அன்புள்ள தவாகே அண்ணனுக்கு,

இயோரானா, வணக்கம். நாளை புதன்கிழமை, விமானம் வரும் நாள். அதற்குள் இதைத் தபால் பையில் சேர்த்துவிட வேண்டும் என்று வீட்டுப் பாடத்தை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். பாடத்தை விட்டுவிட்டுக் கடிதம் எழுதாதே என்று நீ போன முறை சொன்னாய். இது பாடத்தைப் பற்றிய கடிதம்தான், ஆகவே தவறில்லை.

எலியானா டீச்சர் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தூரத்தைக் கொடுத்து அளந்து வரச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு எரிமலை உச்சி, அனகேனா கடற்கரை என்று நடந்து பார்க்கக்கூடிய தூரங்கள். எனக்கு மட்டும் நம் மத்தவேரி விமான நிலையத்திலிருந்து சாந்தியாகோ விமான நிலையம் வரை. நானாகக் கேட்டு வாங்கியதுதான். ஏன் என்று உனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் நம் தீவு கிடையாது. டீச்சர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். மறுநாள் வகுப்பைச் சுத்தம் செய்தவர் ஈ எச்சம் என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டார். மறுபடி வைத்தோம். அம்மா மாலை கட்டும் நூலை அந்தப் புள்ளியிலிருந்து சாந்தியாகோ வரை இழுத்துப் பிடித்து அளந்தேன். மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

நேரம் கணக்கிடுவது சுலபமாக இருந்தது. விமான நிலையப் பலகையில் போட்டிருக்கிறார்கள். அங்கே காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் இங்கே மதியம் ஒரு மணி. இங்கே இரண்டரைக்குக் கிளம்பினால் அங்கே இரவு ஒன்பது. அதாவது இங்கிருந்து போவதற்கு ஆறரை மணி நேரம், வீட்டுக்கு வருவதற்கு மூன்றரை மணி நேரம்தான். நீ போனதுதான் கஷ்டம் அண்ணா, வருவது ரொம்பச் சுலபம்.

இதை நான் சும்மா எழுதவில்லை. மெரஹி அக்காவின் பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஞானத்தந்தை நீதான் என்று அக்கா பிள்ளை பிறக்கும் முன்பே சொல்லிவிட்டாள், ஞானத்தந்தை நேரில் நிற்காமல் முடியாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். பேர் வைப்பதும் உன் பொறுப்பு என்பதால் எல்லோரும் அவனைக் 'குட்டி' என்றே கூப்பிடுகிறோம். நேற்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "டிசம்பர் மொத ஞாயித்துக்கெழம. அதுக்குள்ள அவன் வரலன்னா பக்கத்து வீட்டுக் கிஹி நிக்கட்டும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கிஹி நின்றால் குட்டி நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன் சீட்டாடக் கற்றுக்கொள்வான்.

அப்பா உன் பேரைச் சொல்லி இரண்டு வருடம் ஆகப்போகிறது. 'அவன்' என்றுதான் சொல்கிறார். ஆனால் 'அவன்' என்று சொல்லும்போது வேறு யாரையும் சொல்வதில்லை.

உன் தங்கை,
வைஹெரே


சாந்தியாகோ
2 அக்டோபர் 1992

வைஹெரே,

உன் கடிதமும் மீன் பெட்டியும் வந்தன. பெட்டியில் பாதி ஐஸ் உருகிவிட்டது, மீன் நன்றாக இருந்தது. என் அறைக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். இதுவரை தான் சாப்பிட்டதெல்லாம் மீனே இல்லை என்றார்.

உன் கணக்கைத் திருத்தாமல் இருக்க முடியவில்லை. தீவு, கண்டத்துக்கு இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது. பலகையில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார். நூலைப் பிடித்து உலகத்தையே அளந்தவள் கடிகாரத்தை விட்டுவிட்டாய்.

வருவதைப் பற்றி: வெயில் காலம் தொடங்கப் போகிறது. இந்த ஊரில் வெயில் வந்தால் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் ஒரே நாளில் சாகும். எங்கள் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பட்டறையில் லீவு கேட்டால் முதலாளி சிரிப்பார். கிஹியை நீ நினைக்கிற அளவுக்கு மோசமாகச் சொல்ல முடியாது. நன்றாக நீந்துவார்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

தவாகே

பி.கு.: பல் மேலேயா, கீழேயா?


ஹங்கா ரோவா
9 அக்டோபர் 1992

அண்ணா,

கீழே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொய்யா மரத்தடியில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். "தீவில் இரண்டு மணி நேரம் குறைவு" என்று வானொலி தினமும் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பல் துலக்குகிறவள் நான். டீச்சரிடம் கொடுப்பதற்கு முன் நீ சொன்னதால் மானம் தப்பியது.

திருத்தினால் எல்லாம் தலைகீழாகிவிட்டது. போவதற்கு நாலரை, வருவதற்கு ஐந்தரை. ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம் என்று எனக்குப் புரியவில்லை. நூலை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தாலும் நீளம் ஒன்றுதானே.

நல்லவேளையாக இந்த வாரம் இரண்டு விமானிகள் நம் வீட்டு விடுதியில் தங்கினார்கள். சின்னவர், அம்மா எலுமிச்சை பிழிந்து வைத்த பச்சைச் சூரை மீனை மூன்று தட்டு சாப்பிட்டார், ஆகவே நல்ல மனநிலையில் இருந்தார். கேட்டேன். மேசை விரிப்பில் ஓர் ஆலிவ் காயையும் ரொட்டித் துணுக்கையும் வைத்து, "இது சாந்தியாகோ, இது நீ" என்றார். துணுக்குதான் நான். "மேல காத்து எப்பவும் மேக்கேயிருந்து கெழக்கே அடிக்கும்மா. போறப்ப முதுகுல தள்ளும், வர்றப்ப மொகத்துல அடிக்கும்."

அடுத்த கேள்வி உனக்காகக் கேட்டது. நடுவழியில் விமானம் ஏன் திரும்பிப் போகிறது?

"இங்க ஒரே ஓடுதளம். சுத்துமுத்தும் எறங்க வேற எடம் இல்ல. இங்க வானம் சரியில்லன்னா பாதி வழியிலயே முடிவெடுத்துடணும். திரும்பறதுக்கு வேண்டிய எண்ணெயோடதான் கெளம்புவோம்."

"பயமா இருக்காதா?"

"எனக்கு ஓட்டற வேல இருக்கு. பயப்படறது பின்னாடி உக்காந்திருக்கறவங்க வேல."

அண்ணா, நான் நேராகவே கேட்கிறேன். தொண்ணூறாம் வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் உன் விமானம் பாதி வழியில் திரும்பிப் போன அன்று நாங்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றோம். அம்மா உனக்குக் கட்டிய மாலையை ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் அதே விமானம் மறுபடி கிளம்பி வந்தது. நேற்று திரும்பிப் போனவர்கள் எல்லோரும் இறங்கினார்கள், உன்னைத் தவிர. கடைசி ஆள் இறங்கி, படிக்கட்டைத் தள்ளிக்கொண்டு போகும்வரை அப்பா நின்றார். பிறகு மாலையைக் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். இப்போதும் விமான நாளில் கிஹி அவரைச் சும்மா விடுவதில்லை; 'கோரோ', பெரியவரே, என்று மரியாதையாகத்தான் ஆரம்பிப்பார். "என்ன கோரோ, இந்த வருஷமும் குதிரைக்குத்தானா மாலை?" உன்னைப் பற்றியும் சொல்கிறார். எழுத மனமில்லை, ஆனால் மறைப்பதும் சரியில்லை. "பையனுக்குப் பறவைப் பேரு வெச்சது தப்பு கோரோ. கோழின்னு வெச்சிருக்கணும்."

முதலில் உனக்குக் காது வலி என்றாய். அப்புறம் பரீட்சை. அப்புறம் வேலை. இப்போது சாந்தியாகோவின் ஃப்ரிட்ஜ்கள். இங்கேயும் பாதி வீட்டில் ஃப்ரிட்ஜ் செத்துக் கிடக்கிறது அண்ணா. நம் வீட்டில் உள்ளதில் இப்போது துணி மடித்து வைக்கிறோம். உண்மைக் காரணம் என்ன?

வைஹெரே


சாந்தியாகோ
20 அக்டோபர் 1992

வைஹெரே,

பயப்படுவது பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை என்றாரே அந்த விமானி, அதை நான் ஒழுங்காகச் செய்தேன்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மாள், மடியில் பெரிய கேக் பெட்டி. பேரனுக்காம். இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் கேப்டன் பேசினார்: மத்தவேரியில் மழை, குறுக்குக் காற்று, திரும்புகிறோம். இடப்பக்க இறக்கை மெல்லக் கீழே சாய்ந்தது. ஜன்னல் முழுக்கக் கடல் ஏறியது. வானமே இல்லை. அது திரும்பி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று உன்னைக் கேட்டால் நூல் பிடித்துச் சொல்வாய். எனக்கு அது இன்னும் முடியவில்லை. தூங்கப் போனால் அந்த இறக்கை சாய்கிறது.

ஐந்து மணி நேரம் பறந்து, கிளம்பிய இடத்திலேயே இறங்கினோம். உன் பாடத்துக்கு இதையும் எழுதிக்கொள்: நேரம் ஐந்து மணி, தூரம் பூஜ்யம்.

மறுநாள் போனேன். யாருக்கும் சொன்னதில்லை. விமான நிலையத்துக்குப் போய், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். பேரைக் கூப்பிட்டார்கள். கேக் அம்மாள்கூட எழுந்து போனார், போகும்போது "வாப்பா, கேக் கெட்டுப் போயிடும்" என்றார். என் கால் எழும்பவில்லை. கால் என்னுடையது போலவே இல்லை. கதவைச் சாத்தினார்கள்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அலை வீட்டு உயரத்துக்கு வந்தாலும் ஒரு மரப் படகை எடுத்துக்கொண்டு போகிறவர். அவர் பையனுக்கு இருக்கையில் உட்கார்ந்து வரப் பயம். கோழி என்று கிஹி சொன்னது சரிதான், வைஹெரே.

உனக்கு மட்டும் சொன்னது. சொல்லிவிடாதே.

தவாகே


ஹங்கா ரோவா
30 அக்டோபர் 1992

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் நேற்று ஒன்று நடந்தது. அதை உடனே உனக்குச் சொல்லியாக வேண்டும்.

பாடத்துக்காக வீட்டில் யார் யார் எத்தனை முறை பறந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். அம்மா நிறைய. மெரஹி அக்கா இரண்டு முறை. "அப்பா, நீங்க?" என்றேன். அப்பா மீனைப் புரட்டிப் போட்டார். ஏற்கெனவே புரட்டிய மீன் அது. அம்மா மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "உங்கப்பா பாதி ஏணி வரைக்கும் போயிருக்காரு."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா சிரித்துக்கொண்டே மீதியைச் சொன்னாள். நான் வயிற்றில் இருந்தபோது ஏதோ சிக்கல் என்று டாக்டர் அம்மாவை சாந்தியாகோவுக்கு அனுப்பச் சொன்னாராம். இரண்டு பேருக்கும் சீட்டு வாங்கினார்களாம். அம்மா மேலே ஏறி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அப்பா ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறாராம். "வலை கடல்ல கெடக்கு, எடுக்கணும்" என்று கீழே இருந்து கத்தினாராம்.

"அன்னிக்கு வலை வீட்டு வாசல்லதான் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அம்மா. "அதத் தாண்டித்தான் நான் பொட்டியத் தூக்கிட்டுப் போனேன்."

அண்ணா, எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. வாரம் இரண்டு முறை விமானத்தைப் பார்க்கப் போகிறார். அதன் இரைச்சல் கேட்டாலே படகை விட்டு எழுந்துவிடுகிறார். ஆனால் உன்னைப் பார்க்க அங்கே ஒருமுறைகூட வரவில்லை. நீ வராதது கோபம் என்று அவர் நினைக்கிறார். அவர் வராதது கோபம் என்று நீ நினைக்கிறாய்.

நான் அப்பாவிடம் சொல்லட்டுமா? நீ சரி என்றால்தான் சொல்வேன். டிசம்பர் முதல் ஞாயிறுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. கிஹி புதுச் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டார். மஞ்சள் நிறம்.

வைஹெரே


சாந்தியாகோ
10 நவம்பர் 1992

வைஹெரே,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். அப்பா வலை எடுக்கப் போனதாக நானும் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். கை ஈரமாக இருந்தது. கடல் தண்ணீர் என்று நினைத்தேன். நாங்கள் கடலுக்கே போகவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

சொல்லாதே.

மேலே உள்ளதை நேற்று எழுதி ஒட்டிவிட்டேன். இன்று உறையைக் கிழித்துத் திரும்ப எடுத்தேன். சொல். இல்லை, கோழி என்ற பேச்சை மட்டும் எடுக்காதே. அதுவும் சொல்ல வேண்டுமென்றால் சொல். நீ படித்தவள், உனக்குத் தெரியும்.

நான் டிசம்பருக்கு வருவேன் என்று மட்டும் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது.

மஞ்சள் சட்டையா?

தவாகே


ஹங்கா ரோவா
27 நவம்பர் 1992

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதம் தபால் பையில் வரவில்லை. இதைக் கொண்டுவந்தவர் உன் எதிரில் நிற்கிறார். அவர் முகத்தை உற்றுப் பார்க்காமல் முதலில் இதைப் படித்துவிடு.

அப்பா படகுத் துறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். நாற்காலி, கேக் அம்மாள், மூடிய கதவு, எல்லாம். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை.

"கால் எழும்பலியாமா அவனுக்கு?"

"ஆமாப்பா."

அடுத்த மீனையும் கழுவி வைத்துவிட்டு, "எனக்கு எழும்பிச்சு. பாதி ஏணி வரைக்கும்" என்றார். கத்தியைத் துடைத்தார். "தவாகே அங்க தனியா உக்காந்திருந்தானா?"

உன் பேரைச் சொன்னார் அண்ணா. கவனித்துக்கொள்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டில் அறிவித்தார். "படகு மோட்டாருக்குத் தண்ணியத் தள்ளற விசிறி வாங்கணும். சாந்தியாகோவுலதான் நல்லதா கெடைக்கும்."

"போன மாசம்தான மாத்துனீங்க?" என்றாள் அம்மா.

"இன்னொண்ணு இருந்தா நல்லது."

ஊர் முழுக்க விசிறி என்றுதான் சொல்லியிருக்கிறார். கிஹி வேலி மேல் சாய்ந்துகொண்டு, "எதுக்கு கோரோ அவ்வளவு தூரம்? என்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு, எடுத்துக்க" என்றார். அப்பா, "உன் சட்டைய தெச்சுட்டியா? போய் அதப் பாரு" என்றார்.

ஆகவே அவர் உன்னைக் கூட்டிவர வரவில்லை. உன்னையும் யாரும் வரச் சொல்லவில்லை. புதன்கிழமை விமானத்தில் இரண்டு பேரும் அடுத்தடுத்த இருக்கையில் இருந்தால் அது தற்செயல். அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைக்காதே. கையில் வியர்வை இருந்தால் பார்க்காதது போல இரு. நேரமாகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வரும்போது ஐந்தரை மணி நேரம், காற்று முகத்தில் அடிக்கும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்று நீ முடிவு செய்.

அம்மா நூலை எடுத்து வைத்துவிட்டாள். இரண்டு மாலை. குதிரையை வீட்டிலேயே கட்டிவிட்டு வருவோம்.

உன் தங்கை,
வைஹெரே


விமானத்தில்
2 டிசம்பர் 1992, புதன்

வைஹெரே,

இதை நானே உன் கையில் கொடுப்பேன். எழுதிக்கொண்டிருந்தால் ஜன்னலைப் பார்க்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை இரவு, மீன் பெட்டி வருகிறது என்று அக்கா போனில் சொன்னதை நம்பி விமான நிலையத்தில் நின்றேன்; அப்பா கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. இத்தனை சின்ன மனிதரா? ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கக்கத்தில் உன் கடிதம். என்னைப் பார்த்ததும், "இங்க விசிறிக் கடை எங்கடா இருக்கு?" என்றார். பிறகு அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். விசிறிப் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. வாங்க மறந்துவிட்டோம், கிஹிக்கு ஏதாவது பதில் யோசித்து வை.

இன்று காலை அதே கதவு, அதே வரிசை நாற்காலிகள். பேரைக் கூப்பிட்டார்கள். என் கால் பழையபடி மரத்தது. அப்பா எழுந்து இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது. "எந்திரிடா" என்றார். "வலை கடல்ல கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறவனுக்குக் கால் எழும்புகிறது, வைஹெரே.

கொஞ்ச நேரம் முன்பு கேப்டன் பேச ஆரம்பித்தார். இரண்டு பேரும் மூச்சை நிறுத்தினோம். பாதி வழி தாண்டிவிட்டோமாம், மத்தவேரியில் வானம் தெளிவாம். அவ்வளவுதான் சொன்னார். இறக்கையைப் பார்த்தேன். நேராகவே இருந்தது. இன்னும் நேராகவே இருக்கிறது.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், "இன்னும் எவ்வளவு நேரம்?" முகத்தில் அடிக்கும் காற்றைப் பற்றி நான் சொல்லவில்லை. உன் முதல் கடிதத்தின் கணக்கைச் சொன்னேன். "மூன்றரை மணி நேரம்தாம்ப்பா. ஒன்பதரைக்குக் கெளம்புனா ஒரு மணிக்கு வீடு." அவர் தூங்கியதும் மெதுவாக, சாந்தியாகோ நேரத்தில் ஓடிய அவர் கடிகாரத்தின் முள்ளை இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளினேன். பாதி தள்ளும்போது அவர் ஒரு கண்ணைத் திறந்தார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் எனக்கு வசதியாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது எழுந்து, சோம்பல் முறித்து, மணி பார்த்துவிட்டு, பின் வரிசைக்கும் கேட்கும்படி சொல்கிறார்: "பாத்தியா, போறப்ப எவ்வளவு நேரம் ஆச்சு. வீட்டுக்கு வர்றப்ப சீக்கிரம் வந்துடுது."

ஆகவே தயவுசெய்து திருத்தாதே. அந்த முதல் கணக்கைக் கிழித்துவிடவில்லையே? டீச்சருக்குச் சரியானதைக் கொடு. அப்பா கேட்டால் பழையதைக் காட்டு.

குட்டிக்கு ஒரு பேர் யோசித்து வைத்திருக்கிறேன். கண்டிப்பாகப் பறவைப் பேர் இல்லை.

ஜன்னலில் ஒரு பேனாப் புள்ளி தெரிகிறது. அப்பா என்னைத் தாண்டி எட்டி அதைப் பார்க்கிறார். அவர் கை என் கைமேல் இருக்கிறது. ஈரமாக இருக்கிறது, யாருடைய வியர்வை என்று தெரியவில்லை.

தவாகே